டிராக்டர் மீட்டர் கண்ணாடி மங்கிப் போச்சு: தேய்க்கலாமா, மாத்தணுமா?

மேலூர் கடைமடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி பழைய மாஸி பெர்குசன் 1035. எஞ்சினில் குறை இல்லை, மீட்டர் போர்டுதான் எதுவும் தெரிய மாட்டேங்குது. ஹவர் மீட்டர் (எஞ்சின் ஓடின மணிக்கணக்கு காட்டுறது) மேலே இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சள் பூத்துக் கிடக்கு. காலை வெயில் எதிரே அடிச்சா முள் எங்க நிக்குதுன்னே தெரியாது. டெம்பரேச்சர் மீட்டரில் உள்பக்கமா ஒரு வெள்ளைப் படலம். ஆம்பியர் மீட்டரில் வெள்ளை வெள்ளையாப் புள்ளி.

ஸ்பேர் கடையில் மீட்டர் புதுசா கிடைக்குது. ஆனா புது ஹவர் மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடும், ஆயில் மாத்துற கணக்கு எல்லாம் குழம்பிடும். டெம்பரேச்சர் மீட்டருக்கு எஞ்சின் தலை வரைக்கும் போற குழாயோட சேர்த்துக் கழட்டணும். அதனால் இருக்கிறதையே தெளிய வைக்கப் பார்க்கிறேன். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்றார் ஒருத்தர், பெட்ரோல் தொட்டுத் துடைக்கச் சொல்றார் இன்னொருத்தர், கார் ஹெட்லைட்டுக்குப் பிடிக்கிற ஆவியைப் பிடிச்சா அஞ்சு நிமிஷ வேலைன்னு மூணாவது ஆள். எது சரி? எந்த நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), என்ன பாலிஷ், எந்த வரிசை? கழட்டாமலே செய்ய முடியுமா?


உசிலை ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

பெட்ரோல் வேண்டவே வேண்டாம் அண்ணே. தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் எடுக்கிற திரவம் எல்லாம் அதே கணக்குத்தான். துடைச்ச உடனே பளிச்சுன்னு தெரியும், கொஞ்ச நேரத்தில் மயிரிழை விரிசல் ஓட ஆரம்பிக்கும். அந்த விரிசல் பிளாஸ்டிக்கோட உடம்புக்குள்ள போயிடுறதால எந்த பாலிஷும் அதை எடுக்காது.

பேப்பரைக் கையில் எடுக்குறதுக்கு முன்னாடி மங்கல் எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க. உங்க மூணு மீட்டருக்கும் மூணு வேற வேற நோய். சோதனை சுலபம். கண்ணாடியைச் சோப்புத் தண்ணியில் கழுவி, ஈரமா இருக்கும்போதே பாருங்க. ஈரத்தில் தெளிவாத் தெரிஞ்சு, காய்ஞ்சதும் மறுபடி மங்கினா மேல்பரப்பில் கீறல். தண்ணி கீறலை நிரப்புறதால ஒளி சிதறாம நேரா போகுது. இது தேய்ச்சா சரியாகும். ஈரத்திலும் அதே மங்கல்னா உள்பக்கப் படலம், இல்லைன்னா உடம்பிலேயே விரிசலோ மஞ்சளோ. டார்ச்சைச் சாய்வாப் பிடிச்சா விரிசல் மின்னும், படலம் மின்னாது.

ஆம்பியர் மீட்டரில் இருக்கிறது பெரும்பாலும் உப்பு. நம்ம பக்கம் போர் தண்ணியில் வண்டியைக் கழுவி வெயிலில் காய விட்டா சுண்ணாம்பு படியும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, துணியில் நனைச்சு அஞ்சு நிமிஷம் கண்ணாடி மேல போட்டு வைங்க. ஓரத்து இரும்பு ரிங்கில் படாம பார்த்துக்கங்க, துரு பிடிக்கும். அப்புறம் நல்ல தண்ணியில் கழுவுங்க. புள்ளி போச்சுன்னா அந்த மீட்டருக்கு வேலை முடிஞ்சது. உப்பு இருக்கும்போதே துணியால் அழுத்தித் தேய்ச்சா அதுவே கீறிடும்.

கழட்டாம செய்யலாமான்னு கேட்டீங்க. மேல்பக்கக் கீறல் மட்டும்னா செய்யலாம், சுத்தி இருக்கிற பெயிண்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கங்க. ஆனா தேய்க்கிற தண்ணி ரிங் இடுக்கு வழியா உள்ள இறங்கும். அதனால் கழட்டி மேஜையில் வச்சுச் செய்யுறதுதான் நல்லது.

கழட்டும்போது முதல்ல பேட்டரியில் எர்த் கேபிளை எடுத்துடுங்க. ஆம்பியர் மீட்டர் பின்னாடி இருக்கிற ரெண்டு போல்ட்டிலும் சாவி ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பாடியில் பட்டா வயரே எரியும். டெம்பரேச்சர் மீட்டர் பின்னாடி மெல்லிய செம்புக் குழாய் இருந்தா அது மெக்கானிக்கல். குழாய் ஒடிஞ்சாலோ மடங்கினாலோ உள்ள இருக்கிற திரவம் போயிடும், மீட்டர் குப்பைக்குத்தான். எஞ்சின் தலையில் இருக்கிற, சூட்டை உணர்ற குழாய் முனையை (பல்புன்னு சொல்வாங்க) தொடாம, குழாய் இடம் கொடுக்கிற அளவுக்கு மட்டும் மீட்டரை வெளியே இழுத்து, பக்கத்திலேயே ஒரு பலகை வச்சு வேலை பாருங்க. ஆயில் மீட்டருக்குக் குழாய் இருந்தா எஞ்சின் ஆஃப் பண்ணிட்டுத்தான் கழட்டணும். திரும்ப மாட்டும்போது பித்தளை நட்டை ரொம்ப முறுக்கினா மரை போயிடும்.


வாடிப்பட்டி பெயிண்டர் எழுதியது:

மேலே சொன்ன ஈரச் சோதனையில் தேறின கண்ணாடிக்கு மட்டும் இந்த வழி.

வாட்டர் பேப்பரில் 800, 1000, 1500, 2000, 3000 நம்பர் ஒவ்வொரு தாள் போதும். 3000 சில பெயிண்ட் கடையில் இருக்காது, கார் டீடெய்லிங் சாமான் விற்கிற இடத்தில் கேளுங்கள். பாத்திரம் கழுவும் திரவம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று சொட்டு. பாலிஷ் இரண்டு தரம்: கார் பெயிண்டுக்கான ஃபைன் காம்பவுண்டு, கடைசிக்கு பிளாஸ்டிக் பாலிஷ். துணிக்கு மைக்ரோஃபைபர், அல்லது நைந்த பழைய வேட்டி. ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை எடுக்காதீர்கள்; அதில் தையலும் நைலான் இழையும் இருக்கும், இரும்புத்தூளும் ஒட்டியிருக்கும்.

எந்த நம்பரில் தொடங்குவது என்பதை நகம் சொல்லும். கீறல் மேல் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்து மாட்டினால் 800, மாட்டாவிட்டால் 1500. லேசான மங்கலுக்கு நேரடியாக காம்பவுண்டே போதும், பேப்பர் தேவையில்லை. எடுத்ததும் 400, 600 என்று போகிறவர்கள்தான் கண்ணாடியைக் கெடுக்கிறார்கள். 600 போட்ட கோடுகளை அழிப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

பேப்பரைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கண்ணாடி தட்டையாக இருந்தால் பேப்பரைப் பெரிய பென்சில் ரப்பரில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகி, முள் வளைந்து தெரியும். மேல்பரப்பு குவிந்திருந்தால் ரப்பர் கூடாது, மெல்லிய ஃபோம் துண்டு வையுங்கள். 1000 நம்பரை இடம் வலமாக ஓட்டினால் 1500 நம்பரை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். முந்தைய பேப்பரின் கோடு குறுக்கே ஒன்றுகூடத் தெரியாத வரை அடுத்ததுக்குப் போகக் கூடாது. வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கோடு எந்த பேப்பருடையது என்று தெரியாமல் போய்விடும். சின்ன மீட்டருக்கு ஒரு நம்பருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

நம்பர் மாற்றும்போது கண்ணாடி, கை, ரப்பர் மூன்றையும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். 1000 நம்பரின் ஒரே ஒரு மணல் 3000 பேப்பருக்கு அடியில் மாட்டினால் புதுக் கீறல் ஒன்று நீளமாக விழும். 3000 முடிந்ததும் கண்ணாடி சாம்பல் நிறத்தில் ஒரே சீராக மங்கியிருக்கும். கெட்டுப்போனதாக நினைத்து அங்கே நிறுத்திவிடாதீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு காம்பவுண்டு, பட்டாணி அளவு. கையால் அழுத்தி நாலைந்து நிமிடம். டிரில்லில் ஃபோம் பேட் மாட்டிச் செய்வதென்றால் குறைந்த வேகத்தில், பேடை ஈரமாக வைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரியில் இளகிவிடும், பேடுக்கு அடியில் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். காம்பவுண்டு உருண்டு உருண்டு ஒட்ட ஆரம்பித்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். நிழலில் செய்யுங்கள், சித்திரை வெயிலில் காம்பவுண்டு பூசின கையோடு காய்ந்துவிடும்.

பற்பசை பற்றி: அதுவும் மெல்லிய உராய்பொருள்தான். லேசான மங்கலுக்கு வேலை செய்யும். ஜெல் பேஸ்ட்டை விட வெள்ளை பேஸ்ட் நன்றாக இருக்கும். வாட்டர் பேப்பர் போட்ட கோட்டை மட்டும் அது எடுக்காது. பித்தளை விளக்குக்குப் போடும் பாலிஷையும் சிலர் சொல்வார்கள். அதில் அம்மோனியா கலந்ததும் உண்டு, பாலிகார்பனேட்டுக்கு அது ஆகாது.


திருமங்கலம் போர்டு வேலை எழுதியது:

எந்த பிளாஸ்டிக் என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மூன்று வகைதான் பெரும்பாலும் வரும்: அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன். சில பழைய மீட்டரில் அசல் கண்ணாடியே இருக்கும். பல்லில் தட்டிப் பார்த்தால் தெரியும், கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கும்.

அக்ரிலிக் வெயிலில் லேசில் மஞ்சளாகாது, கீறல்தான் விழும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் மேலே இருக்கும் பாதுகாப்புப் பூச்சு போனதும் வெயில் அதை மஞ்சளாக்கும். பாலிஸ்டைரீன் மலிவு வகை. மஞ்சளாகும், நொறுங்கும், பெட்ரோல் பட்டால் பிசுபிசுக்கும். கண்ணாடி தனியாகக் கழன்றிருந்தால் ஒரு சோதனை: அரை லிட்டர் தண்ணீரில் 75 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு சொட்டு சோப்பும் விட்டு உள்ளே போடுங்கள். பாலிஸ்டைரீன் மிதக்கும், மற்ற இரண்டும் மூழ்கும். உப்பை அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் அக்ரிலிக்கும் மிதக்க ஆரம்பித்துவிடும், அளவு முக்கியம். உடைந்த துண்டு இருந்தால் வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம்: கரும்புகையும் ஒட்டடையுமாக எரிந்தால் பாலிஸ்டைரீன், அதிகம் புகையாமல் எரிந்தால் அக்ரிலிக், தீயை எடுத்ததும் அணைந்தால் பாலிகார்பனேட்.

மஞ்சள் பூத்த ஹவர் மீட்டரை மேலே தேய்த்தால் மேலடுக்கு மஞ்சள் போகும். பழைய பூச்சு திட்டுத் திட்டாக நின்றால் அதை முழுக்க எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தேமல் தெரியும். முழுக்க எடுத்தபின் வெயிலுக்கு மறைப்பே கிடையாது, அதனால் மறுபடி மஞ்சளாவது முன்பை விட வேகமாக இருக்கும். என் கருத்து: மஞ்சளான கண்ணாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம், புது அக்ரிலிக் வெட்டிப் போடுங்கள்.


பேரையூர் கரிசல் எழுதியது:

ஹெட்லைட் ஆவி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் குப்பியில் காய்ச்சுவது குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் வகைத் திரவம். மூச்சில் போனால் கெடுதல், மூடிய இடத்தில் செய்யவே கூடாது. ஆவி மேல்பரப்பை லேசாகக் கரைத்து வழிய விடுவதால்தான் பளபளப்பு வருகிறது. தடிமனான ஹெட்லைட் கூண்டுக்கே சில மாதத்தில் விரிசல் வருவதுண்டு. இரண்டு மில்லிமீட்டர் மீட்டர் கண்ணாடி ரிங்குக்குள் இறுகி உட்கார்ந்திருக்கிறது. அந்த இறுக்கத்தில் இந்த ஆவி பட்டால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். இடுக்கு வழியே உள்ளே போனால் டயலில் இருக்கும் எழுத்தும் கலங்கும். மீட்டருக்கு இது வேண்டாம்.


மேலூர் கடைமடை எழுதியது:

ரொம்ப நன்றி. ஆம்பியர் மீட்டர் வினிகரிலேயே தெளிஞ்சிடுச்சு. ஹவர் மீட்டரை ஈரத்தில் பார்த்தா கொஞ்சம் தெளியுது, மஞ்சள் அப்படியேதான் இருக்கு, ஓரத்தில் நாலஞ்சு விரிசல் மின்னுது. டெம்பரேச்சர் மீட்டரில் ஈரத்திலும் மாற்றமே இல்லை, அப்ப உள்பக்கம்தான். ரிங்கை எப்படித் திறக்கிறது? பின்பக்கம் மடிச்சு அடிச்சிருக்காங்க. திறந்தா திரும்ப மூட முடியுமா? அக்ரிலிக் வெட்ட அளவு எப்படி எடுக்கிறது?


உசிலை ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

முதல்ல ரிங்கோட ஓரத்தைக் கவனிங்க. சில மீட்டரில் ரிங்கில் சின்னச் சின்ன வெட்டு இருக்கும், திருப்பினாலே கழன்றுடும். அதைப் போய் நெம்பி வளைக்காதீங்க.

மடிச்ச ரிங்னா, மீட்டரைத் துணி மேல குப்புற வச்சு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கணும். ஒரே இடத்தில் முழுசா நிமித்தாம, சுத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் லேசாத் தூக்கி, மறு சுத்தில் இன்னும் கொஞ்சம். முழு வட்டத்தையும் திறக்க வேண்டியதில்லை. மூணில் ரெண்டு பங்கு நிமிர்ந்தாலே ரிங் சாய்வா வெளிய வந்துடும். நிமித்தாத பங்கு இருந்தா திரும்ப மாட்டும்போது அளவு தானா உட்காரும். அந்தத் தகடு ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு தடவை மடிப்பு தாங்கும், அதுக்கு மேல கிழியும். துரு பிடிச்சிருக்குன்னு துரு இளக்கும் ஸ்ப்ரே அடிக்காதீங்க, எண்ணெய் கசிஞ்சு உள்ள போய் டயலில் கறை ஏறிடும்.

திறந்ததும் முள்ளையும் டயலையும் தொடக் கூடாது. டயலில் தூசி இருந்தா காய்ஞ்ச மெல்லிய பிரஷ் போதும். கம்ப்ரஸர் காத்து அடிச்சா முள் வளையும், ஸ்பிரிங் சிக்கும். கண்ணாடியோட உள்பக்கப் படலம் பொதுவா சோப்புத் தண்ணியிலேயே போயிடும். உள்பக்கத்தில் பச்சை, சிவப்புப் பட்டை அச்சடிச்சிருந்தா அந்த இடத்தைத் தேய்க்காதீங்க. கடைசியாக அலசுறதுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணியோ மழைத் தண்ணியோ எடுங்க. போர் தண்ணியில் அலசினா உப்புப் புள்ளி இந்தத் தடவை உள்பக்கம் விழும், அதுக்காக மறுபடி ரிங்கைத் திறக்கணும்.

படலம் ஏன் வந்துச்சுன்னு பார்க்காம மூடினா திரும்பவும் வரும். ரப்பர் வாஷர் கல்லாகியிருந்தா மாத்துங்க, பின்பக்கம் சின்னக் காத்து ஓட்டை இருந்தா அடைச்சிருக்கான்னு பாருங்க. யாராவது முன்னாடி ஃபெவிக்விக் வகைப் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் வெள்ளைப் படலம் வரும். அந்தப் பசையோட ஆவி கண்ணாடியில் போய் படியும். நீங்களும் அதை உள்ள போடாதீங்க. சிலிக்கான் போடுறதா இருந்தா புளிச்ச வினிகர் வாடை வர்ற வகை கூடாது, செம்பு, பித்தளை எல்லாம் பச்சை பிடிச்சுடும். நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்குங்க, அதுவும் ரிங்குக்கு வெளிப்பக்கம் மட்டும், முழுசா ஒரு நாள் காய்ஞ்ச அப்புறம்தான் மீட்டரை மாட்டணும்.

இன்னொன்னு, பலர் பயந்து போற விஷயம். பாலிஷ் போட்டு மாட்டினதும் முள் நடுவில் சிக்கி நிக்கும், தட்டினா நகரும். முள்ளில் பழுது இல்லை, காய்ஞ்ச துணியால் தேய்ச்சதில் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி முள்ளை இழுக்குது. மூடுறதுக்கு முன்னாடி கண்ணாடியின் ரெண்டு பக்கமும் ரொம்ப நீர்த்த சோப்புத் தண்ணியில் துடைச்சு, துணி படாம தானா காய விடுங்க.

மீட்டருக்கு வெளிச்சம் தர்ற பல்புக்குப் பக்கத்தில் மட்டும் பழுப்பா இருந்தா அதிக வாட் பல்பு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். பழைய பல்பில் எழுதியிருக்கிற வாட்டுக்கு மேல போடாதீங்க.


திருமங்கலம் போர்டு வேலை எழுதியது:

விரிசல் மின்னினால் ஹவர் மீட்டருக்கு மாற்றுவதுதான் வழி. பெயர் போர்டு செய்யும் கடைகளில் லேசர் மெஷின் இருக்கும். 2 மில்லிமீட்டர் அக்ரிலிக், காஸ்ட் ஷீட் என்று கேளுங்கள். பழைய கண்ணாடியை வெர்னியரில் அளந்து அதன் தடிமனையே கொடுங்கள். தடிமன் கூடினால் ரிங் மடியாது. விட்டத்தின் அளவை ரிங் உட்காரும் பள்ளத்தில் எடுங்கள், பழைய கண்ணாடியில் எடுக்காதீர்கள், அது சுருங்கியோ வளைந்தோ இருக்கலாம். பள்ளத்தை விட விட்டம் அரை மில்லிமீட்டர் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். 100 மில்லிமீட்டர் அக்ரிலிக் வட்டம் 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர் விரியும். இறுக்கமாகப் போட்டால் மதிய வெயிலில் வளைந்து முள்ளைத் தொடும்.

பாலிகார்பனேட்டை லேசரில் கொடுக்காதீர்கள், ஓரம் கருகும். அதற்கு ரூட்டர் என்னும் சுழல் வெட்டு மெஷின்தான்.

லேசரில் வெட்டிய அக்ரிலிக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. வெட்டிய ஓரத்தில் உள்ளிறுக்கம் நிற்கும். அதை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைத்தால் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் மட்டும் போடுங்கள். வீட்டில் கேக் அடுப்பு இருந்தால் மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டு, தட்டையான தட்டில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். இறுக்கம் தளர்ந்துவிடும். 100-ஐத் தொட்டால் வளைந்துவிடும், அடுப்பின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.


பேரையூர் கரிசல் எழுதியது:

அக்ரிலிக்குக்கு இவ்வளவு பாடு எதற்கு? சாமி படம் ஃபிரேம் போடும் கடையில் 2 மில்லிமீட்டர் அசல் கண்ணாடியே வட்டமாக வெட்டித் தருவார்கள். மஞ்சளாகாது, லேசில் கீறாது, டீசல் பட்டாலும் ஒன்றும் ஆகாது.


உசிலை ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

தட்டையான கண்ணாடிக்குச் சரி அண்ணே, குவிஞ்ச கண்ணாடிக்கு அது ஆகாது. ஓரத்தைக் கல்லில் மழுக்கணும், மேலயும் கீழயும் ரப்பர் வாஷர் கட்டாயம். இரும்பு ரிங் நேரா கண்ணாடியில் பட்டா, மடிப்பு அடிக்கும்போதே உடையும், இல்லைன்னா ரோட்டவேட்டர் ஓட்டுற அதிர்வில் உடையும். உடைஞ்சா சில்லு ஸ்டியரிங்கில் இருக்கிற கையிலதான் விழும். ஆம்பியர் மீட்டர் மாதிரி சின்னதுக்கு கண்ணாடி போடலாம். ஹவர் மீட்டர் மாதிரி பெருசுக்கு அக்ரிலிக்தான் என் ஓட்டு.


வாடிப்பட்டி பெயிண்டர் எழுதியது:

தெளிந்த கண்ணாடி மறுபடி மங்குவதற்கு வெயிலை விடக் கையில் இருக்கும் துணிதான் முக்கியக் காரணம். உழவு முடிந்து வந்ததும் காய்ந்த புழுதியோடு தலைப்பாகைத் துண்டால் ஒரு துடை துடைக்கிறோமே, அந்த மண்ணும் வாட்டர் பேப்பரில் இருக்கும் மணலும் ஒரே வேலைதான் செய்கின்றன. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள், பிறகு துடையுங்கள். போர்டு பளபளக்க டீசல் துணியால் துடைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். பாலிகார்பனேட்டிலும் பாலிஸ்டைரீனிலும் டீசல் மெதுவாக விரிசலை வளர்க்கும்.

வண்டியில் ஸ்பிரேயர் மாட்டி மருந்து அடிக்கிறவர்கள் மீட்டர் போர்டை பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடியுங்கள். ஈ.சி. என்று போட்டிருக்கும் மருந்துகள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான் இருக்கிறது, அந்தத் தூறல் படிந்தே கண்ணாடி கெடும். தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்கள் மீட்டர் மேல் பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு, அதற்கு மேல் தார்ப்பாய். காற்றில் தார்ப்பாய் படபடத்துக் கண்ணாடியில் உரசும்.

மாதம் ஒரு முறை பிளாஸ்டிக் பாலிஷ் தொட்டு விட்டால் போதும். கிளியர் லாக்கர் அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: ஸ்ப்ரே டப்பாவில் வரும் கிளியரில் தின்னர் உண்டு, தேய்த்த பிளாஸ்டிக்கில் நேராக அடித்தால் விரிசல் விடலாம். அக்ரிலிக்குக்கு அது தேவையும் இல்லை.


மேலூர் கடைமடை எழுதியது:

ஹவர் மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் அக்ரிலிக்கே வெட்டக் கொடுக்கிறேன். ஹவர் மீட்டரை ஓட்டுற சுழல் கேபிளைத் திரும்ப மாட்டும்போது ஏதாவது கவனிக்கணுமா? கழட்டும்போது நட்டு கையிலேயே வந்துச்சு.


உசிலை ஆட்டோ எலக்ட்ரிக் எழுதியது:

கையில் வந்தா நல்லதுதான், கையாலயே மாட்டுங்க, பிளையர் வேண்டாம். உள்கம்பியோட சதுர முனை மீட்டர் ஓட்டையில் உட்கார்ந்திருக்கான்னு கம்பியை விரலால் சுத்திப் பார்த்துட்டு அப்புறம் நட்டைப் பிடிங்க. உட்காராம நட்டை இழுத்து முறுக்கினா எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சதுர முனை திருகிப்போகும். கம்பிக்குக் கிரீஸ் வைக்கிறதா இருந்தா கீழ்ப் பாதிக்கு மட்டும், மேல கடைசி ஒரு சாண் அளவுக்கு வைக்காதீங்க. கம்பி சுத்தச் சுத்த கிரீஸ் மேல ஏறி மீட்டருக்குள்ள போகும், புதுக் கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் அங்கிருந்துதான் வரும்.